உயிர் இருந்தால் போதுமா?

“பத்திரமா இருங்க பெரியம்மா, வெளிய எங்கயும் போகாதீங்க.”

2020 ஏப்ரலில் பெங்களூருவிலிருந்து அகரத்துக்கு போன் போட்டு நான் தினமும் சொன்னது இது. அக்கறையோடுதான் சொன்னேன். இன்று நினைத்தால் கூசுகிறது.

பெரியம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். வாரத்துக்கு 5 நாள் வீதம் 25 முறை கதிர்வீச்சு. அகரத்திலிருந்து திண்டுக்கல், அங்கிருந்து மதுரைக்கு இன்னொரு பஸ். 11 முறை முடிந்திருந்தபோது, மார்ச் 24 அன்று, ஊரடங்கு அறிவித்தார்கள். பஸ் நின்றது. மதுரை போய்வர வாடகைக் கார் கேட்ட பணம் பெரியம்மாவுக்குப் பத்து நாள் வயல் கூலி. இந்தப் புற்றுநோய்க்கு மொத்தக் கதிர்வீச்சையும் 8 வாரத்துக்குள் முடிக்க வேண்டும், தள்ளிப்போனால் பலன் குறையும் என்பது மருத்துவம் சொல்லும் கணக்கு. அதை நான் தேடிப் படித்ததே ஜூனில்தான். அதற்குள் அவர் இடுப்பு வலியில் படுக்க முடியாமல் திண்ணையில் உட்கார்ந்தே விடியவைக்கப் பழகியிருந்தார்.

“கொரோனா வந்தா பதினாலு நாள்ல முடிவு தெரிஞ்சிருமாம்ல சாமி. எனக்கு எத்தன நாளு?” என்றார். பதில் இல்லாமல் போனை வைத்தேன்.

ஒரு வீட்டுக் கதையை ஊதிப் பெருக்குவதாகத் தோன்றலாம். இந்தியாவின் 41 புற்றுநோய் மையங்களின் கணக்கு 2021இல் ‘லான்செட் ஆன்காலஜி’யில் வந்தது. 2020 மார்ச் முதல் மே வரை, முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட, புதிய நோயாளிகள் பதிவு 54 சதவீதம் குறைவு. பெரிய அறுவை சிகிச்சைகள் 49 சதவீதம் குறைவு. கீமோதெரபி 37 சதவீதம் குறைவு. நோய் குறையவில்லை, ஆட்களால் வந்துசேர முடியவில்லை.

“அந்த நேரத்துல வேற என்னதான் பண்ண முடியும்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். புற்றுநோயாளிக்குக் கொரோனா வந்தால் ஆபத்து அதிகம், மருத்துவர்கள் பயந்ததும் சரி. ஆனால் மாவட்டம் தாண்ட இ-பாஸ் வைத்தபோது என்ன காரணங்களை யோசித்தோம்? திருமணம், மரணம், மருத்துவ அவசரம். நான் இப்படிப்பட்ட ஃபார்ம் எழுதிப் பிழைக்கிறவன். ட்ராப்டவுனில் இல்லாத ஆள் சிஸ்டத்துக்கு இல்லாத ஆள். ஐந்து வாரம் தினமும் போய்வர வேண்டிய சிகிச்சை ‘அவசரம்’ என்ற சொல்லுக்குள் அடங்காது. அடக்கினாலும், பாஸ் உண்டு, பஸ் இல்லை.

சிகிச்சை நடுவில் இருப்பவர்களின் பெயர் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருந்தது. தாலுகாவுக்கு ஒரு வேன் விட அது போதும். வலிக்கான மார்ஃபின் தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். போக முடியாதவர் வீட்டுக்கு மாத்திரை வந்திருக்க வேண்டும். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிநிவாரண இயக்கம் கேரளா முழுக்க வீடுதேடிப் போகக் கற்றுக்கொடுத்தது. தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தது, அதில் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் உண்டு. ஆக, இது முடியாத காரியமில்லை. முக்கியமான காரியமாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஏன் தோன்றவில்லை? ‘உயிர் இருந்தா போதும்’ என்று எல்லோரும் நம்பினோம். வாழ்க்கைத் தரம் என்பது வசதியானவர்கள் பேச்சு என்று நினைத்தோம். புற்றுநோயாளிகளிடம் உலகம் முழுக்கக் கேட்கப்படும் ஒரு கேள்வித்தாள் உண்டு, 30 கேள்விகள். தூக்கம் வந்ததா, வலி அன்றாட வேலையைக் கெடுத்ததா, பணக்கஷ்டம் வந்ததா என்று கேட்கும். கடைசிக் கேள்வி, போன வாரம் உங்கள் வாழ்க்கைத் தரம் 1 முதல் 7 வரை எவ்வளவு என்பது. இதில் எது ஆடம்பரம்? நான் கேட்டதெல்லாம் இரண்டே கேள்வி: “சாப்ட்டீங்களா? மாஸ்க் போட்டீங்களா?”

பெரியம்மா 2021இல் போய்ச் சேர்ந்தார். கொரோனாவால் அல்ல, அதனால் மாலைச் செய்திக் கணக்கில் அவர் இல்லை. பஸ் ஓடியிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை, யாராலும் சொல்ல முடியாது. அந்த இரவுகளைத் திண்ணையில் உட்கார்ந்து கழித்திருக்க வேண்டியதில்லை, அதை நிச்சயமாகச் சொல்வேன். அடுத்த ஊரடங்குக்குத் திட்டம் போடுகிறவர்கள் பஸ்ஸை நிறுத்துவதற்கு முன்னால் அந்தப் பதிவேட்டைத் திறக்கட்டும். நாமும் “பத்திரமா இருங்க” என்பதற்கு முன்னால், ராத்திரி தூங்கினார்களா என்று கேட்போம்.