ஓதப் போகும் மாணவன்

ஹட்டனுக்கு அணித்தாயுள்ள தோட்டப்புறப் பாடசாலை ஒன்றிலே தமிழும் சைவ சமயமும் கற்பித்து வருபவன் யான். சமய பாடத்துக்கு மணி அடித்ததும் என் வகுப்பிலிருந்து இருவர் எழுந்து வெளியே போவர். ஒருவன் கடைவீதியிலே பலசரக்குக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அன்பர் ஒருவரின் மகன். மற்றவள் அவனுடைய சாச்சாவின் மகள். இஸ்லாம் பாடத்துக்கு எம்மிடம் ஆசிரியர் இல்லை. ஆதலின் அவ்விருவரும் நூல்நிலையத்தில் அமர்ந்து பாடநூலைத் தாமே படித்துக்கொள்வர். ஐயம் எழுந்தால் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் கேட்டுக்கொள்வர். சிலபோது, வேறு வழியின்றி, என்னிடமும் கேட்டதுண்டு.

சாதாரண தரப் பரீட்சை முடிந்த பின்னர் ஒரு மாலை அம்மாணவனின் தந்தையார் என்னைத் தேடி வந்தார். "மாஸ்டர், மகன் ஓதப் போகணும்னு நிக்கிறான். ஏழு வருசம் ஓதி முடிச்சு வந்தா, இதே ஸ்கூல்ல இஸ்லாம் படிப்பிக்க விடுவாங்களா?" என்றார். "விசாரித்துச் சொல்கிறேன், பாய்" என்று விடுத்தேன். விசாரித்ததன் பயனே இக்கட்டுரை.

அவர் சொன்ன சொல்லை முதலில் நோக்குக. 'படிக்க' என்றாரல்லர்; 'ஓத' என்றார். ஓதுதல் என்பது தமிழிலே மறையோடு பிறந்த சொல். தேவாரம் பாடுவோரை ஓதுவார் என்கிறோம். முஸ்லிம் மக்களோ திருக்குர்ஆனைப் பயில்வதையும், மேற்கல்விக்கு அரபுக் கல்லூரி புகுவதையும் அச்சொல்லாலேயே வழங்குகின்றனர். தமிழ் வகுப்பறைகள் கைவிட்ட சொல்லொன்றை அவர்கள் வீட்டு வழக்கிலே பேணி வைத்திருக்கின்றனர்.

அக்கல்லூரிகளிலே என்ன ஓதுவிக்கின்றனர் என்று வினவியபோது எனக்குப் பெருவியப்பே உண்டாயிற்று. முதற்கண் ஸர்பு, நஹ்வு என்னும் இலக்கணங்கள். முன்னது சொல்லின் ஆக்கத்தையும் பின்னது தொடரின் அமைதியையும் கூறும். அதன்மேல் மந்திக் எனும் தருக்கம், பலாகா எனும் அணியியல். இவ்வாயில்களைக் கடந்த பின்னரே பிக்ஹு எனும் சமயச் சட்டமும், ஹதீஸும், குர்ஆன் விரிவுரையாகிய தப்ஸீரும் விரிவாகக் கைவரும். நஹ்வு பயில்வோர் பலரும் நெட்டுருச் செய்யும் நூல் 'அல்பிய்யா'. ஏறத்தாழ ஆயிரம் அடிகளில் இலக்கணத்தைச் செய்யுளாக்கித் தந்தவர் ஸ்பெயின் நாட்டிற் பிறந்து 1274இல் திமிஷ்கு நகரில் மறைந்த இப்னு மாலிக். நன்னூலின் 462 சூத்திரங்களைப் பவணந்தியார் யாத்ததும் அதே நூற்றாண்டிலேயாம். கீழைத்தேயக் கல்லூரியிலே என் ஆசிரியர் திண்ணையில் அமர்ந்து சூத்திரம் கேட்ட காலையும், எங்கோ ஒரு மத்ரஸாவில் உஸ்தாத் ஒருவர் பாயில் அமர்ந்து அல்பிய்யா அடி கேட்கும் காலையும் ஒரே காலையாகவே எனக்குத் தோன்றுகின்றன. அடி தவறினால் கிட்டும் பிரம்படியும் ஒன்றேயாதல் கூடும்.

பாட நூல் அரபு. பாடம் சொல்லும் மொழி நம் நாட்டிலே பெரும்பாலும் தமிழ். அரபுத் தொடரைப் படித்து, சொல் சொல்லாகப் பிரித்து, தமிழிற் பொருள் விரித்துரைப்பதே முறை. உரையாசிரியர் மரபு என நாம் போற்றுவது இதுவன்றோ? இந்த மரபிலிருந்தே தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் இலக்கியமும் கிளைத்தது. கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம், இலங்கைக்கும் பலகால் வந்து, இங்குள்ள முஸ்லிம் ஊர்களிலே கல்விக்கு வித்திட்டவர். அரபுத்தமிழில் அவர் எழுதியவை இருகரையிலும் ஓதப்பட்டன. தமிழிலக்கிய வரலாறு எழுதுவோர் பலர் இப்பகுதியை ஓரிரு வரிகளோடு கடந்து செல்வது எம் பண்டித உலகின் குறையாகும். யானும் அவ்வுலகத்தவனே.

நிற்க. எங்கே ஓதினார் என்பதை ஓர் ஆலிமின் பெயரே சொல்லிவிடும். நம் புலவர் ஊர்ப்பெயரை முன்னே வைத்தனர். இவர்கள் கல்லூரிப் பெயரைப் பின்னே வைக்கின்றனர். வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத்திலே கற்றவர் பாகவி. குர்ஆனைத் தமிழாக்கிய அப்துல் ஹமீத் பாகவியின் பெயரால் தமிழுலகம் அக்கல்லூரியை அறியும். 1924இல் நிறுவப்பட்ட உமராபாத் தாருஸ்ஸலாமிற் கற்றவர் உமரி. 1866இல் தேவ்பந்திலே தோன்றிய தாருல் உலூமில் முடித்தவர் காஸிமி. 1961இல் எழுந்த மதீனாப் பல்கலைக்கழகத்தார் மதனி. பத்தாம் நூற்றாண்டில் கெய்ரோ நகரோடு உடன்பிறந்த அல்-அஸ்ஹரில் பயின்றவர் அஸ்ஹரி. வழி எப்பொழுதும் வடக்கும் மேற்கும் நோக்கியே சென்றதென எண்ணற்க. மலபார்க் கரையிலுள்ள பொன்னானியிலே பதினாறாம் நூற்றாண்டில் ஸைனுத்தீன் மக்தூம் எழுதிய 'பத்ஹுல் முஈன்' எனும் ஷாபிஈ சட்டநூல், கடல் கடந்து ஜாவாவரை பாடநூலாயிற்று.

இலங்கை மாணவர் தென்னிந்தியாவுக்குப் புகைவண்டியும் கப்பலுமாகிய அந்தப் பழைய போட் மெயில் வழியே சென்றனர். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி, அங்கிருந்து வேலூர். அதே வழியின் எதிர்த்திசையிலேதான் எம் மலையக மக்கள் கூட்டங் கூட்டமாகக் கொணரப்பட்டனர். ஒரு கப்பல் துறையிலே கிதாபுப் பெட்டியோடு இறங்கியவனும், தகரப் பெட்டியோடு ஏறியவனும் ஒருவரையொருவர் கண்டிருப்பர். 1948இன் குடியுரிமைச் சட்டமும், அதனையடுத்து வந்த கடவுச்சீட்டு விதிகளும் அந்தப் போக்குவரவை இறுக்கின. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது.

உள்நாட்டிலும் கல்லூரிகள் முன்னரே எழுந்திருந்தன. வெலிகமையிலே அல்-பாரி 1884இலும், காலியிலே பஹ்ஜத்துல் இப்றாஹீமிய்யா 1892இலும், மஹரகமையிலே கபூரிய்யா 1931இலும் தோன்றின. கபூரிய்யாவை நிறுவியவர் இரத்தின வணிகர் அப்துல் கபூர் ஹாஜியார். பெண்களுக்கெனக் கல்எளியவில் 1959இல் ஒன்று எழுந்தது. கண்டிக்கு வடக்கே அக்குறணையில் ரஹ்மானிய்யா உள்ளது. எம் மாணவன் போக விரும்புவது அங்கேதான். மலையகத்திலிருந்து இறங்கினால் அண்மையிலுள்ள இடம் அது.

கண்டியைச் சொல்லும்போது சித்தி லெப்பையைச் சொல்லாது விடலாகாது. 1838இல் அந்நகரிலே பிறந்து வழக்கறிஞரானவர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கினார். தமிழின் தொடக்க நாவல்களுள் ஒன்றாகிய 'அசன்பேயுடைய கதை'யை 1885இல் வெளியிட்டார். எகிப்திலே ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்று 1883இல் இங்கு நாடு கடத்தப்பட்ட ஒராபி பாஷா இளமையிலே அஸ்ஹரிற் பயின்றவர். அவர் பின்னாளிற் கண்டியிலேயே குடியிருந்து 1901இலேயே தாயகம் திரும்பினார். இவ்விருவரும் அவாவியது சமயக் கல்வியும் புதுக்கல்வியும் ஒரு கூரையின் கீழ் நிற்றல் வேண்டுமென்பதே. நடந்ததோ வேறு. ஆங்கிலம் கற்றோர் ஒருபால், அரபு கற்றோர் ஒருபால் எனச் சமூகம் பிரிந்து வளர்ந்தது. 1973இல் நளீம் ஹாஜியார் பேருவளையிலே ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவியபோதே இரு கூரைகளையும் இணைக்கும் முயற்சி முழு உருப்பெற்றது. அங்கு மாணவர் அரபு நூல்களோடு பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் ஆயத்தமாகின்றனர். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் 2005 முதல் இஸ்லாமியக் கற்கைக்கும் அரபு மொழிக்கும் தனிப் பீடம் உண்டு.

இனி, தந்தையாரின் வினாவுக்கு வருவோம். அதற்கு விடை தேடுங்கால், நாட்டிலே மத்ரஸா என்னும் சொல் எவ்வாறு பேசப்படுகின்றது என்பதையும் நோக்க வேண்டியதாயிற்று.

2019 ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த கொடுமைக்குப் பின்னர், அச்சொல் கல்வியமைச்சின் வாயிலிருந்து பாதுகாப்பமைச்சின் வாய்க்கு மாறிற்று. 2021 மார்ச்சிலே, பொதுமக்கள் பாதுகாப்புக்குப் பொறுப்பான அமைச்சர் ஆயிரத்துக்கு மேற்பட்ட மத்ரஸாக்கள் மூடப்படும் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பு அவ்வாறே நிறைவேறிற்றன்று; ஆயினும் அச்சம் நின்றுவிட்டது. பிள்ளையை அனுப்பலாமா என்று தந்தையார் தயங்கியதற்குப் பாதிக் காரணம் அதுவே.

தேவாலயத்திலே பலியான குழந்தைகளை எண்ணுவோர் எவரும் அரசின் கவலையைப் பழிக்கார். ஆயின் உண்மையை உற்று நோக்குக. அக்கொடியோரின் தலைவன் ஓர் அரபுக் கல்லூரியிலே படிப்பை முடியாமலே, அவன் போக்குக்காக வெளியேற்றப்பட்டவன். அவன் கூட்டத்தாருள் ஒருவன் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பயின்றவன். முன்னவனை வெளியேற்றிய கல்லூரி தன் கடமையைச் செய்தது. ஆசிரியர் தாமே கண்டு விலக்கிய ஒருவனைக் கொண்டு, ஆசிரியரையும் அவரிடம் ஒழுங்காகக் கற்றோரையும் ஐயுறுதல் எவ்வாறு பொருந்தும்?

இந்நாட்டிலே வேறோர் ஓதுமிடமும் உண்டு. அதனை அரசு நடத்தும் விதத்தையும் ஒப்பிடுக. 1873இல் வித்தியோதயப் பிரிவேனாவும், 1875இல் வித்தியாலங்காரப் பிரிவேனாவும் பிக்குமார்க்கெனத் தோன்றின. இரண்டும் 1959இற் பல்கலைக்கழகங்களாயின. ஏனைய பிரிவேனாக்களுக்காக 1979ஆம் ஆண்டின் 64ஆம் இலக்கப் பிரிவேனாக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் மூலிக, மகா, வித்தியாயதன எனத் தரம் வகுத்தது. ஆசிரியர்க்கு அரசே சம்பளம் தருகின்றது. மேற்பார்வையும் உண்டு, மதிப்பும் உண்டு. இதிலே எனக்கு அழுக்காறு சிறிதுமில்லை. கீழைத்தேயக் கல்வி எங்கு காக்கப்படினும் பண்டிதன் மகிழவே வேண்டும். அரபுக் கல்லூரிகளுக்கோ அத்தகைய சட்டம் இயற்றப்படவில்லை. அவை முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்திலே பதிவு பெறுகின்றன; நன்கொடையால் நடக்கின்றன. பரீட்சைத் திணைக்களம் அல்-ஆலிம் என்றொரு பரீட்சையை நடத்துகின்றது. கல்லூரி தரும் ஸனதோடு இதனையும் ஒருவன் எழுதித் தேறினால், அரசு மௌலவி ஆசிரியர் நியமனம் வழங்கும் காலத்தில் விண்ணப்பிக்கலாம். அக்காலம் எப்பொழுது வரும் என்பதே இடர்.

மதிப்புத் தந்தால் தரமும் வரும் என்பதற்கு எம் மலையகமே சான்று. தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்டத் துரையின் தயவிலே, ஓராசிரியரும் ஒரு கொட்டகையுமாக நடந்தன. பிள்ளைகள் படிக்கார், கொழுந்து பறிக்கவே போவர் என்றனர். 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசு பொறுப்பேற்றபின், ஆசிரியர் வந்தனர், பரீட்சை வந்தது, பல்கலைக்கழகத்துக்கும் பிள்ளைகள் போயினர். இன்னும் குறை பல உள. ஆயினும் கொட்டகையை மூடியிருந்தால் இவற்றுள் எதுவும் வந்திராது.

அரபுக் கல்லூரிகள் மீதும் எனக்கு வழக்குண்டு. சிலவற்றிலே பொதுப் பாடங்கள் பெயரளவிலேயே நிற்கின்றன. பதினாறு வயதிற் புகுந்து இருபத்து மூன்றில் வெளிவரும் இளைஞன் கணிதத்தையும் சிங்களத்தையும் மறந்துவிட்டிருப்பான். எம் நாட்டில் அயலானோடு அவன் மொழியிற் பேசமாட்டாத சமயவறிஞன் அரை அறிஞனே. தமிழிலே பாடம் சொல்வோரிற் சிலருடைய தமிழும் இரங்கத்தக்கது. அரபுத் தொடரின் நிழல்போலக் காலும் தலையும் மாறிக் கிடக்கும். கல்லூரிக்குக் கல்லூரி பாடத்திட்டம் வேறு; ஒரு கல்லூரியார் பட்டத்தை மற்றொரு கல்லூரியார் மதியாத பூசலும் உண்டு. இவற்றைத் திருத்தப் பொதுவான ஒரு சட்டம் வேண்டும். பிரிவேனாச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு, ஜம்இய்யத்துல் உலமாவையும் கல்லூரி அதிபர்களையும் கலந்து, கல்வியமைச்சே அதனை வரைதல் வேண்டும். வரைவு பாதுகாப்பமைச்சிலே தொடங்குமாயின் அது பூட்டுச் செய்யும் பட்டறையிலே புத்தகம் கட்டக் கொடுத்ததை ஒக்கும்.

எனக்கும் இதிலே ஒரு சொந்த வலி உண்டென்பதை மறைப்பானேன்? 1921இல் யாழ்ப்பாணத்திலே தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் பிரவேசம், பாலபண்டிதம், பண்டிதம் என மூன்று படி வைத்தது. அப்படிகளை ஏறியவன் யான். நேர்முகப் பரீட்சை ஒன்றிலே என் பண்டிதப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்த அலுவலர் ஒருவர், "இது என்ன, எதற்குச் சமம்?" என்று கேட்டார். விடை சொல்ல நா எழவில்லை. அந்த வினாவை எம் மாணவன் இருபத்து மூன்றாம் வயதில் எதிர்கொள்ளக்கூடாது என்பதே என் விருப்பம்.

"உறுதி சொல்ல முடியாது, பாய். ஓதட்டும், அதோடு உயர்தரமும் அல்-ஆலிமும் எழுதட்டும்" என்று தந்தையாரிடம் கூறினேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அவன் போறது வேலைக்காக மட்டும் இல்லையே, மாஸ்டர்" என்றார்.

பையன் புறப்படுமுன் விடைபெற வந்தான். என்னிடமிருந்த பழைய நன்னூற் காண்டிகையுரையைக் கொடுத்தேன். "அங்கே அரபு இலக்கணம்தானே சேர்?" என்று தயங்கினான். "இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்" என்றேன். மறுநாட் காலை கண்டி பஸ்ஸில் ஏறினான்.

சமய பாட வேளையிலே இப்பொழுது நூல்நிலையத்தில் அவன் சாச்சா மகள் மட்டும் அமர்ந்திருக்கின்றாள்.