இரண்டாம் பகுதி கடினமா?

அமெரிக்க மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வு 2023 செப்டம்பரில் சுருங்கி, இப்போது இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதை எழுதிவிட்டு வரும் பிள்ளைகள் சிலர், “கணக்கில் இரண்டாம் பகுதி ரொம்பக் கஷ்டம், எல்லாம் போச்சு” என்று முகம் வாடி நிற்பதைப் பார்க்கையில் மனம் கனக்கிறது. போகவில்லை, கண்ணுகளா! முதல் பகுதியின் 12 கேள்விகளை நன்றாகச் செய்தவர்களுக்குத்தான் கணினி அடுத்த 15 கேள்விகளைக் கடினமாக்கித் தருகிறது. உச்ச மதிப்பெண்ணான 170-ஐ நெருங்க அதுதான் வழி. பயிற்சி வகுப்புகள் சொற்பட்டியலை மனப்பாடம் செய்விக்கும் அக்கறையோடு, இந்த அமைப்பையும் முதல் நாளே விளக்க வேண்டும். பாதித் தேர்வில் மனம் தளர்ந்து விடையளிப்பதை நிறுத்திவிடுவதுதான் உண்மையான இழப்பு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பும் கிடையாது. ஆகவே, தெரியாத கேள்வியானாலும் ஒன்றையும் காலியாக விடாதீர்கள்.