தண்ணி எங்க போகுது மாமா?

பாங்கொக்குக்குப் போய் வந்த எங்கட ஆக்கள் எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொல்றாங்க. "அங்க எவ்வளவு மழை பெஞ்சாலும் ரெண்டு மணித்தியாலத்துல றோட்டு காஞ்சிரும். ஒழுங்கான சனம். எங்கட சனத்துக்குத்தான் அறிவில்ல." கல்முனை பஸாரில் உடுப்புக்கடை வைத்திருக்கும் என் மாமா, பெருநாளுக்குச் சாமான் எடுத்து வந்த ஒவ்வொரு முறையும் பொதியை அவிழ்த்துக்கொண்டே இதைச் சொல்வார். சின்ன வயசில் இருந்து கேட்டு வளர்ந்தேன். நம்பியும் இருந்தேன். போன வருஷம் செப்டம்பரில் பொதி தூக்க ஒரு ஆள் தேவை என்று என்னையும் கூட்டிப் போனார். இப்போது எழுதுவது அந்த வசனத்துக்கு எதிராக.

போக முதல் கூட்டாளிமாரிடம் கேட்டதற்கு, "செப்டம்பர்ல போகாத மச்சான், முழு மழை" என்றார்கள். சரிதான். பாங்கொக்கில் மே நடுவில் இருந்து ஒக்டோபர் வரை மழைக்காலம், செப்டம்பர்தான் உச்சம். ரூம் விலை குறைவதும் அதனால்தான், மாமா அந்த மாதத்தைப் பிடிப்பதும் அதனால்தான். இதே தென்மேல் காற்று எங்கள் பக்கம் வரும்போது மழையையெல்லாம் மேற்கிலும் மலையிலும் கொட்டிவிட்டு, வெறும் சூட்டோடு கச்சானாக அடிக்கும். பிறகு காற்றுத் திரும்பும். எங்களுக்கு மாரி தொடங்க, அவர்களுக்கு வானம் வெளிக்கும். நாங்கள் நனையிற மாதங்களில் அவர்கள் காய்கிறார்கள். அறுகம்பைக்கு வெள்ளைக்காரன் வருவதும் நாங்கள் காய்ந்து கிடக்கிற மாதங்களில்தான். மாரியில் எங்களைப் பார்க்க வருபவர்கள் அரிசிப்பொதியும் கமராவும் கொண்டு வருகிறவர்கள்.

மாமா சாமான் எடுக்கும் இடத்துக்குப் பெயர் பிரத்துநாம். 'நீர்க்கதவு' என்று அர்த்தமாம். உடுப்புச் சந்தைக்கு ஏன் இப்படிப் பெயர் என்று கேட்டால் பக்கத்தில் சேன் சேப் கால்வாயைக் காட்டுவார்கள். 1837இல் வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. அதில் இருந்த மதகின் பெயர்தான் சந்தைக்கு வந்தது. இருபது வருஷமாகப் போய்வரும் மாமாவுக்கு இது தெரியாது. குறையாகச் சொல்லவில்லை. நானும் கல்முனைக்குடிக்கு ஏன் அந்தப் பெயர் என்று யோசித்ததில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம் மூன்று மணிக்கு வானம் இருண்டது. அரை மணித்தியாலத்தில் ஒழுங்கைக்குள் தண்ணி கரண்டைக் காலுக்கு மேலே. கடைப்பிள்ளைகள் அடித்தட்டுப் பொதிகளை மேல்தட்டுக்கு மாற்றினார்கள், சப்பாத்தைக் கழற்றிப் பையில் போட்டார்கள், திரும்ப விலை பேசத் தொடங்கினார்கள். ஒரு சத்தமில்லை. மாமாவுக்குப் பெரிய சந்தோசம். "பாத்தியா? ஒழுங்கு!" என்றார். ஒன்றரை மணித்தியாலத்தில் தண்ணி இறங்கியது. மணிக்கூட்டைக் காட்டினார், தானே வடித்த மாதிரி.

"தண்ணி எங்க போகுது மாமா?"

"எங்கயோ போகுது. போகுதுதானே, அதுதான் முக்கியம்."

பெரிய வெள்ளத்தின் அரசியல் முழுக்க அந்த 'எங்கயோ'வுக்குள் கிடக்கிறது. பாங்கொக் கடலில் இருந்து ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கும் சதுப்பு நிலம், எங்கட ஊர் மாதிரி. அங்கே தண்ணி தானாக வடியாது. கால்வாய், மதகு, பம்ப், நிலத்துக்குக் கீழே பெரிய சுரங்கக் குழாய் எல்லாம் சேர்ந்து அதை சாவோ பிரயா ஆற்றுக்குள் தள்ளுகின்றன. வடிகானுக்குள் இறங்கிச் சேறு அள்ளுபவர்களில் ஒரு பகுதியினர் சிறைக் கைதிகள். நகர நிர்வாகமும் சிறைச்சாலைத் திணைக்களமும் ஒப்பந்தம் போட்டு இறக்குகின்றன. மாமா புகழ்கிற 'ஒழுங்கான சனத்தில்' அவர்களும் சேர்த்தியா? நான் கேட்கவில்லை. விலை பேசிக்கொண்டிருந்தார்.

2011ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் தாய்லாந்து வெள்ளத்தில் 800க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். வடக்கில் இருந்து வந்த தண்ணி ஒக்டோபரில் தலைநகரத்தின் வாசலில் நின்றது. நடு நகரத்தைக் காப்பது என்று முடிவாயிற்று. மதகுகளை மூடினார்கள், பெரிய மண்மூட்டைகளால் சுவர் கட்டினார்கள். கடைத்தெருவும் ஹொட்டல்களும் உள்ள நடு நகரம் காய்ந்து கிடக்க, வடக்கிலும் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள புறநகர்கள் கிழமைக்கணக்கில், சில இடங்கள் மாதத்துக்கு மேலும், நாறிய தண்ணிக்குள் நின்றன. டொன் முவாங் விமான நிலையமே மூழ்கியது. வெள்ள நிவாரணத் தலைமையகம் அதற்குள்தான் இருந்தது. அதுவும் மூட்டை கட்டிக்கொண்டு இடம் மாறியது. (எங்கட நாட்டில் மட்டும்தான் இப்படி நடக்கும் என்று நினைக்கிறவர்கள் குறித்துக்கொள்ளவும்.)

கிழக்குப் புறநகரில் கிளோங் சாம் வா என்றொரு இடம். முஸ்லிம்கள் கணிசமாக வாழும் பகுதி. மூடிய மதகால் தங்கள் வீடுகள் மூழ்க, அந்தச் சனம் மதகடிக்கு வந்து நின்றது. திறக்கச் சொன்னது. திறந்தால் கீழே இருக்கும் தொழிற்பேட்டைக்கு ஆபத்து என்றார்கள் அதிகாரிகள். சனம் கேட்கவில்லை. மண்வெட்டியும் கோடரியுமாக மதகோரத்தை உடைக்கத் தொடங்க, அரசாங்கம் இறங்கிவந்து ஒரு மீற்றர் திறக்க ஒத்துக்கொண்டது. வடக்கில் மண்மூட்டைச் சுவரையும் இப்படித்தான் இழுத்துப் பிரித்தார்கள். அந்த நேரம் பிரத்துநாமில் யாராவது வியாபாரி "அங்கால சனத்துக்கு அறிவில்ல" என்று சொல்லியிருப்பார், சந்தேகமே இல்லை.

மூன்றாம் நாள் அஸருக்குப் பள்ளி தேடி சேன் சேப் படகில் ஏறினோம். சந்தையிலிருந்து கொஞ்ச தூரம்தான். மழையும் கால்வாய்த் தண்ணியும் உள்ளே தெறிக்காமல் இருக்க, பயணிகளே பக்கத்துக் கயிற்றை இழுத்துப் படங்கை உயர்த்த வேண்டும். நான் இழுக்கத் தெரியாமல் இழுத்து முன்னால் இருந்த மனிசியை நனைத்தேன். இறங்கிய இடம் பான் குருவா. சாம் முஸ்லிம்களின் பழைய குடியிருப்பு. முதலாம் ராமா காலத்தில் போர் செய்ததற்காகக் கொடுக்கப்பட்ட நிலம். ஆண்டாண்டு காலமாகத் தறி நெய்தவர்கள். இன்றைக்கு உலகம் முழுக்க விற்கும் ஜிம் தொம்சன் பட்டின் ஆரம்ப நெசவு இந்த ஒழுங்கைகளில்தான் நடந்தது. அவருடைய வீடு கால்வாயின் மற்றக் கரையில் அருங்காட்சியகமாக இருக்கிறது. டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம். இந்தக் கரைக்கு டிக்கெட் இல்லை, ஆட்களும் வருவதில்லை.

எனக்கு அங்கே மருதமுனை ஞாபகம் வந்தது. உம்மாட வாப்பா தறிக்காரர். மாரி வந்தால் சாயம் போட்ட நூல் காயாது, வேலை நிற்கும், கடன் தொடங்கும் என்று உம்மா சொல்வா. மருதமுனைச் சாறனைத் தள்ளிவிட்டு பாங்கொக் உடுப்பைப் பெருநாளுக்கு எடுப்பது எங்கட குடும்பம்தான், அதை விற்பதும் எங்கட குடும்பம்தான். அது வேறு கட்டுரை.

1980களின் கடைசியில் பான் குருவாவின் நடுவே அதிவேகப் பாதையின் இணைப்பு றோட்டு ஒன்றைப் போட அரசாங்கம் திட்டமிட்டது. அந்தச் சனம் "அபிவிருத்திதானே" என்று பேசாமல் இருக்கவில்லை. வருஷக்கணக்காக ஊர்வலம் போனார்கள், ஊருக்குள் இரவுக் காவல் போட்டார்கள், பகிரங்க விசாரணை கேட்டு வாங்கி அதில் வாதாடினார்கள். கடைசியில் றோட்டு வரவில்லை, ஊர் இருக்கிறது. அந்தப் பள்ளியில்தான் நாங்கள் தொழுதோம். மாமா தொழுதுவிட்டு வெளியே வந்து "அமைதியான சனம் மகன்" என்றார்.

சரி, ஊருக்கு வருவோம்.

பெரியநீலாவணை அம்பாறை மாவட்டத்தின் வட எல்லை. எங்களுக்கு அடுத்த ஊர் பெரியகல்லாறு, அது மட்டக்களப்பு மாவட்டம். கிழக்கே கடல், மேற்கே வாவியும் வயலும், நடுவில் ஒரு மண்திட்டு. அதில் தமிழரும் முஸ்லிம்களும் பக்கம் பக்கமாக. மாரியில் வாவி நிறைந்தால் தண்ணி கடலுக்குப் போக வழி, கல்லாற்றுப் பக்கத்து முகத்துவாரம். மண் மூடிக் கிடக்கும் அந்த வாயை வெட்டித் திறந்தால்தான் தண்ணி ஓடும். எப்போது வெட்டுவது? வயல்காரன் இன்றைக்கே வெட்டு என்பான். வாவியில் மீனும் இறாலும் பிடிப்பவன் பொறு என்பான். வாய் இருப்பது ஒரு மாவட்டத்தில், மூழ்கும் வளவு இன்னொரு மாவட்டத்தில். எங்களுக்குள்ளேயே பிரதேச செயலகம் யாருக்கு என்ற சண்டை முடியவில்லை. பெக்கோ வர ஒரு நாள் பிந்தினால் எந்த வீட்டு அடுப்புக்குள் தண்ணி வரும் என்பது மேசையில் தீர்மானமாகிறது. பாங்கொக் மதகுக்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம்.

தெற்கே போனால் கதை இன்னும் மோசம். கிட்டங்கித் தாம்போதி ஒவ்வொரு மாரியிலும் மூழ்கும், ஒவ்வொரு மாரியிலும் படம் எடுத்துப் போடுவோம். கரைவாகு வயல்கள் தண்ணியைப் பிடித்து வைக்கிற பெரிய சட்டி மாதிரி இருந்தவை. இன்றைக்கு அதில் மண் போட்டுக் கட்டிடம் எழும்புகிறது. தோணாவுக்குள் குப்பை. ஓம், அந்தக் குப்பை நாங்கள் போட்டதுதான், மாமாவின் வசனத்தில் அந்தக் காற்பங்கு உண்மை. ஆனால் ஷொப்பிங் பை எறிந்தவனா கரைவாகுவை நிரப்பினான்? நூறு லோட் மண்ணுக்குக் காசு வைத்திருப்பவனும் அதற்கு அனுமதி எழுதுபவனும் வேறு ஆட்கள். "சனத்துக்கு அறிவில்ல" என்று சொன்னதும் அவர்கள் இரண்டு பேரும் தப்பிவிடுகிறார்கள். அந்த வசனம் அதற்காகவே செய்த வசனம் மாதிரி இருக்கிறது.

2024 நவம்பர் 26ஐ மறந்தவர்கள் இதை வாசிக்க வேண்டாம். நிந்தவூரில் மத்ரஸா விட்டுச் சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய பிள்ளைகள், மாவடிப்பள்ளியில் வெள்ளம் மேவிய றோட்டில் உழவு இயந்திரத்தோடு அடித்துச் செல்லப்பட்டார்கள். நாட்கணக்காகத் தேடி ஜனாஸாக்களாக எடுத்தார்கள். அந்தக் கிழமை முழுக்க என் போனில் வந்த செய்திகளில் பாதி "அல்லாஹ்ட நாட்டம்". நாட்டம்தான், அதை நான் மறுக்கவில்லை. மற்றப் பாதி, அந்த நேரம் ஏன் அனுப்பினார்கள், ஏன் ஏற்றினார்கள். அதுவும் நியாயமான கேள்விதான். ஆனால் மாரிக்கு மாரி தண்ணி மேவும் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த றோட்டு ஏன் இன்னும் அப்படியே கிடக்கிறது என்று கேட்டவர்களை ஒரு கைவிரலில் எண்ணலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று ஜும்ஆவில் கேட்டு வளர்ந்த சமூகம் நாங்கள்.

பயணக் காணொளி போடும் தம்பிமாருக்கும் ஒரு சொல். மழைக்காலத்தில் போகாதீர்கள் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள், போங்கள். கோலாலம்பூருக்குப் போங்கள். சேறு கலக்கும் ஆற்றுச்சந்தி என்றுதான் அதன் பெயருக்கே அர்த்தம். 2007இல் திறந்த சுரங்கப் பாதையில் மற்ற நாளில் கார் ஓடும், பெருமழையில் வெள்ளம் ஓடும். அதையும் பாருங்கள், 2021 டிசம்பரில் அதே நகரத்துக்குப் பக்கத்தில் ஷா ஆலமில் சனம் கூரையில் ஏறி இருந்ததையும் தேடிப் பாருங்கள். நியோன் வெளிச்சம் தண்ணியில் தெறிக்கும் ரீல்ஸ் போட்டுவிட்டு, "எங்கட ஊரும் இருக்கே" என்று அழுகை ஸ்மைலி வைத்து முடிக்காதீர்கள்.

இதையெல்லாம் எழுதுகிற என்னையும் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முதல் எங்கட வளவுக்குள் முழங்கால் தண்ணி. மாரி முடிந்ததும் வாப்பா கிரவல் போட்டு ஒன்றரை அடி உயர்த்தினார். அடுத்த மாரியில் எங்களுக்குத் தண்ணி இல்லை. நான் பின்வேலியடியில் நின்று பார்த்தேன், பக்கத்து வளவு அக்கா கோழிக்கூட்டைத் தூக்கிக் கட்டிலுக்கு மேல் வைத்துக்கொண்டிருந்தா. முதல் வருஷங்களில் அவட வளவில் இவ்வளவு நின்றதில்லை. என்னைக் கண்டதும், "உங்களுக்கு இந்தமுறை வரல்லையா தம்பி?" என்று மட்டும் கேட்டா. மழை கூட அக்கா என்றேன்.

பாங்கொக்கில் நான் மாமாவிடம் கேட்ட கேள்விக்கு விடை எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வருஷம் அக்காவும் கிரவல் போடப் பார்க்கிறா, ஆனால் லோட் விலை ஏறிவிட்டது. எங்கட இரண்டு வேலிக்கும் நடுவில் முன்பு ஒரு சின்னக் கான் ஓடியது, வாவிப் பக்கம் போகும். அதை யார் மூடினார்கள் என்று நான் கேட்டுத் திரிகிறேன். வாப்பா நேற்றும் இன்னொரு லோட்டுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்.