பதக்கம் இருக்கட்டும், படிக்க நேரம் கொடு!

காலை எட்டரை மணி. பெருங்களத்தூர் ரயில் நிலையத்தில் தெரிந்த பெண் ஒருத்தி வண்டியிலிருந்து இறங்கினாள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். இரவு முழுவதும் நின்ற கால்கள் வீங்கியிருந்தன.

"வீட்டுக்குப் போய்த் தூங்கம்மா" என்றேன்.

"தூக்கம் எங்கே அண்ணே! பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, பதினோரு மணிக்குத் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போகணும். பயிற்சி வகுப்பு. வரலைன்னா ஒரு நாள் சம்பளம் போச்சு."

"என்ன வகுப்பு?"

"நோயாளிகளின் பாதுகாப்பு" என்று சொல்லிச் சிரித்தாள். "நேத்து ராத்திரி என் ஒருத்தி பொறுப்பிலே பதினெட்டுப் பேர் அண்ணே!"

அந்தச் சிரிப்புக்குள் இருக்கும் கேள்விதான் இன்று நம் முன் நிற்கிறது. "நர்ஸிங்கில் சிறப்பு", "தொழில் வளர்ச்சி" என்று ஆஸ்பத்திரி வாசல்களில் விளம்பரப் பலகை தொங்குகிறது. உள்ளே ஒருத்தி மூவர் வேலையைச் செய்கிறாள். இதுதானா சிறப்பு?

படிப்பு வேண்டாம் என்று எந்த நர்ஸும் சொல்லவில்லை. மருந்து மாறுகிறது, கருவி மாறுகிறது; படித்துத்தான் ஆக வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க 150 மணி நேரத் தொடர் கல்வி என்று இந்திய நர்ஸிங் கவுன்சில் கணக்கு வகுத்தது. நல்ல காரியம். ஆனால் அந்த 150 மணி நேரம் எங்கிருந்து வருகிறது? முதலாளியின் வேலை நேரத்திலிருந்தா, தொழிலாளியின் தூக்கத்திலிருந்தா? இதற்குப் பதில் சொல்லாத எந்தத் திட்டமும் ஏமாற்று வேலையே.

சானடோரியம் சொல்லும் பாடம்

நம் பக்கத்திலேயே இருக்கிறது தாம்பரம் சானடோரியம். 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கியது. 1937இல் சர்க்கார் ஏற்று நடத்த ஆரம்பித்தது. அன்று காசநோயைக் கொல்லும் மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943இல்தான். அதுவரை சிகிச்சை என்றால் ஓய்வு, நல்ல உணவு, சுத்தமான காற்று, பக்கத்திலிருந்து கவனிக்கும் பணிவிடை. மருந்து வந்த பிறகும் அதை வேளை தவறாமல் கொடுத்து, மாறுதலைக் கண்டு டாக்டருக்குச் சொல்வது நர்ஸ்தானே? டாக்டர் வந்து போகிறார். நர்ஸ் கூடவே இருக்கிறாள்.

இதை விஞ்ஞானமும் நிரூபித்திருக்கிறது. அமெரிக்காவின் பென்ஸில்வேனியாவில் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து லிண்டா அய்க்கன் குழுவினர் 2002இல் முடிவு வெளியிட்டனர். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் அபாயம் 7 சதவிகிதம் கூடுகிறது! பட்டம் படித்த நர்ஸுகள் கூடுதலாக உள்ள ஆஸ்பத்திரிகளில் சாவு குறைவு என்று மறு ஆண்டே அவர்கள் காட்டினார்கள். ஆகவே, படிப்பும் வேண்டும், ஆளும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது மோசடி.

கலிபோர்னியா மாகாணத்தில் ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று 1999இல் சட்டமே வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருவருக்கு ஒரு நர்ஸ்; பொது வார்டில் ஐவருக்கு ஒருவர். முதலாளித்துவத்தின் கோட்டையிலேயே சங்கம் போராடி இதைப் பெற முடிந்தது. நம் நாட்டிலும் பொது ஆஸ்பத்திரிகளில் ஐந்து படுக்கைக்கு ஒரு நர்ஸ் என்று கவுன்சில் அளவு வகுத்தது. பதினெட்டுப் பேரைப் பார்த்த நம் பெண்ணுக்கு அந்த ஏடு எந்த விதத்தில் உதவியது?

சர்க்கார் காட்டும் வழி

தனியார்தான் இப்படி என்றால், சர்க்காராவது முன்மாதிரியாக நடந்ததா? 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வாணையம் பரீட்சை வைத்து நர்ஸுகளைத் தேர்ந்தெடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய்! இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற வாக்கு காற்றில் போயிற்று. 2017 நவம்பர் இறுதியில் ஆயிரக்கணக்கான நர்ஸுகள் சென்னைத் தேனாம்பேட்டையில் மருத்துவ இயக்குநரக வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தார்கள். கொரோனா வந்தபோது ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, 2022 டிசம்பர் 31உடன் வேலை முடிந்தது என்று சொல்லப்பட்டது. ஆபத்தில் கைதட்டல், ஆபத்து நீங்கியதும் கதவடைப்பு! நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவள் எந்தத் தைரியத்தில் மேற்படிப்பைப் பற்றி நினைப்பாள்?

2016இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவின் பேரில் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில சர்க்கார் நர்ஸுக்குச் சமமான சம்பளம். "சின்ன ஆஸ்பத்திரிக்குக் கட்டுப்படியாகாது" என்ற முதலாளிகளின் அழுகைக்கு இந்தப் படிவரிசையே பதில். கேரளத்தில் நர்ஸுகள் சங்கம் கட்டிப் போராடி, 2018 ஏப்ரலில் 20,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்குச் சர்க்கார் உத்தரவைப் பெற்றார்கள். கேட்டவர்களுக்குக் கிடைத்தது, ஒன்றுபட்டுக் கேட்டதால் கிடைத்தது.

நம் கோரிக்கை

தொடர் கல்வி வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு நடக்க வேண்டும். கட்டணம் நிர்வாகத்தின் பொறுப்பு. வகுப்புக்குப் போகிறவளின் இடத்தில் மாற்று ஆள் வர வேண்டும். இரவு வேலை முடித்தவளை அன்று பகலில் கூப்பிடக் கூடாது. நிரந்தர வேலைக்கு நிரந்தர ஆள். படுக்கைக்கு ஏற்ற நர்ஸ் எண்ணிக்கை வார்டு வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்கப்பட வேண்டும்.

இது நர்ஸுகளின் விவகாரம் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். பெருங்களத்தூரில், பீர்க்கன்கரணையில், தாம்பரத்தில் வாழும் உழைப்பாளி மக்களே! நாளை அந்தக் கட்டிலில் படுக்கப் போவது உங்கள் தாயாக இருக்கலாம், உங்கள் பிள்ளையாக இருக்கலாம். நடுநிசியில் சலைன் புட்டி தீர்ந்ததைப் பார்க்க ஒரு கண் விழித்திருக்க வேண்டாமா? அந்தக் கண்ணுக்குத் தூக்கம் கேட்பது நம் உயிரைக் கேட்பதுதான்.

நர்ஸுகள் வாசலில் உட்காரும்போது, பக்கத்தில் போய் நாமும் உட்காருவோம்!