பேட்டைக்கு வரட்டும் வகுப்பு

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை உண்டு. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென அரசுக் கல்வி நிறுவனமும் உண்டு. எத்தனை ஊருக்கு வாய்க்கும் இது? ஆனால், பட்டயப் படிப்பு பள்ளி முடித்து வரும் பிள்ளைகளுக்கானது. பாரிஸ் சாந்து அச்சில் களிமண் கூழ் ஊற்றி, பிசிறு சீவி, அகலும் கொலு பொம்மையும் செய்பவருக்கு அந்த வாசல் தூரம்தான். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவர் ஒருநாள் வகுப்புக்குப் போனால் அன்றைய அடுப்பு எரியாது.

சூளையிலிருந்து எடுத்த பொம்மையின் பூச்சில் மயிரிழை விரிசல் ஏன்? ஆறும்போது மண்ணைவிடப் பூச்சு அதிகம் சுருங்குவதால். பத்து நிமிடப் பாடம்! தெரியாதவருக்கோ திட்டுதான் மிச்சம். கார்த்திகை விற்பனை ஓய்ந்ததும், பட்டறை வாசலிலேயே, கூலியோடு இரண்டு மணி நேர வகுப்பு நடத்த அரசு முன்வர வேண்டும்.