ஃபேட்டலியா, சீரியஸ்லியா? ‘எவ்வளவு மோசம்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்வதில் ஏன் இவ்வளவு குழப்பம்?

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். அப்பா டூவீலரில் இருந்து விழுந்துவிட்டார். வலது காலில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றபடியே மேனேஜருக்கு அவசரமாக ஒரு மெயில் தட்டினேன்: ‘மை ஃபாதர் இஸ் ஃபேட்டலி இஞ்சர்ட். ப்ளீஸ் க்ரான்ட் மீ த்ரீ டேஸ் லீவ்.’

பத்து நிமிஷத்தில் போன் வந்தது. குரல் தழுதழுக்க, “எப்பப்பா எடுக்கறாங்க?” என்று கேட்டார். மாவுக்கட்டைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, “ஆறு வாரம் ஆகும் சார்” என்றேன். எதிர்முனையில் சத்தமே இல்லை.

‘ஃபேட்டலி இஞ்சர்ட்’ என்றால் அந்தக் காயத்தால் உயிர் போய்விட்டது என்று அர்த்தம். ‘பலத்த அடி’ என்பதற்குக் கம்பீரமான வார்த்தை என்று நினைத்து எழுதிவிட்டேன். இன்றைக்கும் வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் இதே தப்பு போலீஸ் புகாரிலோ, இன்ஷூரன்ஸ் க்ளெய்மிலோ வந்திருந்தால் சிரிக்க முடியாது.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன? ‘பேட்’ உடன் ‘எல்ஒய்’ சேர்த்தால் ‘பேட்லி’. அதுவும் பத்தாவிட்டால் முன்னால் ஒரு ‘வெரி’. எந்த வார்த்தை எதோடு சேரும் என்பதை யாரும் சொல்லவில்லை. நம் தமிழ்ச் செய்தியைப் பாருங்கள். லேசான காயம், பலத்த காயம், படுகாயம், கவலைக்கிடம் என்று படிப்படியாக ஏறும். ‘கவலைக்கிடமான ஜலதோஷம்’ என்று யாராவது எழுதினால் உடனே சிரிப்போம். ஆங்கிலத்திலும் அதே ஏணி இருக்கிறது. நாம்தான் படியைப் பார்க்காமல் ஏறுகிறோம்.

‘ஸ்லைட்லி இஞ்சர்ட்’ என்றால் சிராய்ப்பு மாதிரி. ‘பேட்லி இஞ்சர்ட்’ பேச்சு வழக்கு. நல்ல அடி, அவ்வளவுதான். ‘சீரியஸ்லி’ என்று வந்தால் சிகிச்சை அவசியம். ‘க்ரிட்டிக்கலி’ வந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் நிலையைப் பத்திரிகைகளுக்குச் சொல்ல ‘குட், ஃபேர், சீரியஸ், க்ரிட்டிக்கல்’ என்று தனித்தனிப் படிகளே வைத்திருக்கிறார்கள். அங்கே சீரியஸும் க்ரிட்டிக்கலும் ஒன்று கிடையாது.

இங்கேயும் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது, நம் வானிலை மையம். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் ‘ஹெவி’, அதாவது கனமழை. 115.6 முதல் 204.4 வரை ‘வெரி ஹெவி’, மிக கனமழை. அதற்கு மேல் ‘எக்ஸ்ட்ரீம்லி ஹெவி’, அதி கனமழை. அந்த ‘வெரி’க்கும் ‘எக்ஸ்ட்ரீம்லி’க்கும் மில்லிமீட்டரில் கணக்கு இருக்கிறது. லீவு விடுவார்களா என்று பார்க்கும் ஸ்கூல் பசங்களுக்குக்கூட இந்த வித்தியாசம் அத்துப்படி.

சட்டத்திலும் அப்படித்தான். ‘க்ரீவஸ் ஹர்ட்’ என்பதற்கு, அதாவது கொடுங்காயத்துக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-வது பிரிவு எட்டு வகைகளைச் சொல்கிறது. எலும்போ பல்லோ முறிந்தாலே அந்தப் பட்டியலில் வந்துவிடும். ஆக, யாராவது தாக்கிப் பல் உடைந்திருந்தால், புகாரில் ‘பேட்லி ஹர்ட்’ என்று பொதுவாக எழுதுவதைவிட ‘பல் உடைந்தது’ என்று எழுதுவதில்தான் பலம்.

அடுத்த சிக்கல் ஜோடிப் பொருத்தம். உடம்பு மோசம் என்றால் ‘சீரியஸ்லி இல்’. ‘பேட்லி இல்’ காதில் உறுத்தும். ஏமாற்றத்துக்கு ‘பிட்டர்லி டிஸப்பாயின்டட்’. படுதோல்விக்கு ‘மிஸரபிளி ஃபெயில்ட்’. வசதிகள் படு பற்றாக்குறை என்றால் ‘வோஃபுலி இன்அடிக்வேட்’. ஏன் இப்படி என்று கேட்டால் இலக்கண விதி எதுவும் கிடையாது, பழக்கம்தான். நாம் ‘கும்மிருட்டு’ என்கிறோம், ‘கும்வெயில்’ என்று சொல்வதில்லையே. அதனால் இவற்றைத் தனித்தனி வார்த்தையாக மனப்பாடம் செய்து பயனில்லை, ஜோடியாகத்தான் பிடிக்கணும்.

‘பேட்லி’யிடமே ஒரு குறும்பு உண்டு. ‘ஐ பேட்லி நீட் எ ப்ரேக்’ என்றால் மோசமாகத் தேவை என்றில்லை, ரொம்பத் தேவை என்று அர்த்தம். இடம் மாறினால் பொருளும் தடுமாறும். ‘ஹி பேட்லி வான்ட்ஸ் டு சிங்’ என்றால் பாட அவ்வளவு ஆசை. ‘ஹி வான்ட்ஸ் டு சிங் பேட்லி’ என்று எழுதினால், மோசமாகப் பாடுவதுதான் அவர் லட்சியமோ என்று தோன்றும்!

‘டெரிப்லி’, ‘ஆஃபுலி’ இரண்டும் பல்லுப் போன பாம்புகள். ‘டெரிப்லி சாரி’யில் எந்தப் பயங்கரமும் இல்லை. நாம் ‘படம் பயங்கரமா இருக்கு மச்சி’ என்று பாராட்டும்போது பயங்கரம் எங்கே போச்சோ, அங்கேதான் அதுவும் போச்சு.

“புரிஞ்சா போதாதா, இதுக்கு இவ்ளோ அலட்டணுமா?” என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் நண்பனுக்கு அனுப்பும்போது வேண்டாம்தான். ஆனால் நீங்கள் எழுதுவதைப் படித்துவிட்டு ஒருவர் பணமோ ஆளோ அனுப்ப வேண்டிய இடத்தில் வார்த்தை சரியாக இருக்கணும். கார் இன்ஷூரன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்பேர் செலவு ஐடிவி-யில் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ‘டோட்டல் லாஸ்’. பம்பர் நசுங்கியதற்கு ‘டோட்டலி டேமேஜ்ட்’ என்று எழுதினால், சர்வேயர் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

ஐடி ஆபீஸ்களில் இது இன்னும் மோசம். ஒரு பட்டன் நிறம் மாறியிருந்தாலும் ‘சிவியர்லி இம்பாக்டட்’ என்று மெயில் பறக்கிறது. பிறகு நிஜமாகவே சர்வர் விழும்போது எழுத வார்த்தை மிச்சமில்லை. நான் இப்போது செய்வது ஒன்றுதான். எண் தெரிந்தால் எண்ணையே எழுதிவிடுவது. ‘பேமென்ட் பேட்லி அஃபெக்டட்’ என்பதற்குப் பதில், ‘பேமென்ட் பக்கம் 20 நிமிஷமாகத் திறக்கவில்லை.’

அந்த லீவு மெயிலை இன்று எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்: ‘மை ஃபாதர் ஹாஸ் ப்ரோக்கன் ஹிஸ் ரைட் லெக். ஐ நீட் த்ரீ டேஸ் ஆஃப்.’