பெயர் சுட்டா மரபும் கைப்பேசி அறமும்: பள்ளிவாசல் தோட்டப் பகுதியை முன்வைத்து ஒரு மறுப்புரை

கைப்பேசியின் வரவால் சமூகப் பணியாளருக்கும் அவர்பால் உதவி நாடி வருவோருக்கும் இடையிலான தொலைவு குறைந்துவிட்டது என்னும் கருத்து, சமூகப்பணித் துறையினரிடையே ஆய்வுக்கு உட்படாமலேயே உண்மையாக நிலைபெற்றுவிட்டது. இக்கருத்து முற்றிலும் பொய்யன்று. 2020ஆம் ஆண்டுக் கொரோனாத் தொற்றுக் காலத்தில் கேரள அரசு 'ஒற்றைக்கல்ல ஒப்பமுண்டு' என்னும் பெயரில் நடத்திய உளச்சமூக ஆதரவுத் திட்டம், தனிமைப்படுத்தப்பட்டோரைத் தொலைபேசி வழியாகவே சென்றடைந்தது. அன்று வேறு வழியில்லை. ஆயின், வேறு வழியில்லாத காலத்து ஏற்பாட்டை எல்லாக் காலத்திற்கும் உரிய முறையாக்குவது ஏற்புடைத்தன்று. யாருடைய தொலைவு குறைந்தது என்னும் வினாவே முதற்கண் எழுப்பப்பட வேண்டும்.

இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில், மூணாற்றுக்கு அருகே அமைந்துள்ளது பள்ளிவாசல். கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் 1940இல் இங்குத்தான் இயங்கத் தொடங்கியது. இங்குள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளருள் பெரும்பாலோர் தமிழ் பேசுவோர். அவர்தம் வாழ்விடம் லயம். ஒற்றைச் சுவர் இரு வீடுகளைப் பிரிக்கும் வரிசைக் குடியிருப்பு அது. ஒரு வீட்டில் தாழ்ந்த குரலில் பேசுவதும் அடுத்த வீட்டிற்குக் கேட்கும். கணவனால் துன்புறும் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி, பணியாளரிடம் மனந்திறந்து பேசிச் சென்றதாகக் கொள்வோம். மறுநாள் மாலை, 'நேற்றுச் சொன்னதைப் பற்றி யோசித்தீர்களா?' என்றொரு குறுஞ்செய்தி வருகிறது. வீட்டில் இருப்பதோ ஒரே கைப்பேசி. அது பகலில் மகனிடமும் இரவில் கணவனிடமும் இருப்பது. பணியாளர் நோக்கில் அது பரிவு. அப்பெண்ணுக்கோ மற்றோர் அடி. 'உங்கள் எண்ணைத் தாருங்கள்' என்று கேட்கும் பணியாளர், அது யாருடைய எண், யார் கையில் இருப்பது என்று கேட்பதில்லை.

அமெரிக்கத் தேசியச் சமூகப் பணியாளர் சங்கம் முதலான அமைப்புகள் 2005இல் தொழில்நுட்பப் பயன்பாட்டிற்கென நெறிகளை வகுத்து, 2017இல் அவற்றைத் திருத்தி வெளியிட்டன. இந்நெறிகளை நம் பாடத்திட்டங்களில் அவ்வாறே பெயர்த்து வைப்பதால் மட்டும் சிக்கல் தீராது. ஆளுக்கொரு கருவி, ஆளுக்கோர் அறை என்னும் வாழ்நிலையில் மறைச்சொல்லே பூட்டாகிவிடும். லயத்தில் பூட்டு வேறிடத்தில் தேவைப்படுகிறது.

அடுத்தது ஒளிப்படம். வீட்டுக்குச் சென்றதற்குச் சான்றாகப் படம், பொருள் வழங்கியதற்குச் சான்றாகப் படம், அப்படம் அலுவலர் குழுவின் வாட்ஸ்அப்பில் என்பது இன்றைய களப்பணியின் நடைமுறை. களப்பணியாளரை மட்டும் குற்றஞ்சாட்டுவது முறையன்று; 2025இல் கேரள ஆஷா பணியாளர்கள் மதிப்பூதிய உயர்வு கோரித் தலைமைச் செயலகத்தின் முன் மாதக்கணக்கில் போராடியதை நினைத்தால் அவர்தம் நிலை விளங்கும். சான்று கேட்கும் மேலிடமே விடை கூறக் கடமைப்பட்டது. 2021இல் தொடங்கப்பட்ட 'போஷன் டிராக்கர்' செயலியில், வீட்டிற்குக் கொண்டுசெல்லும் சத்துணவுப் பொருளைப் பெற முகமறி முறை 2025 ஜூலை முதல் கட்டாயமாக்கப்பட்டது. முகம் காட்டாவிடில் பொருள் இல்லை என்னும் நிலையில் தரப்படும் இசைவை இசைவென்று எவ்வாறு கொள்வது? அவ்விசைவு கேட்கப்படும் மொழியும் நோக்கத்தக்கது. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே தொடர்புகொள்ள இடமளிக்கிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவரிடம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள திரையைக் காட்டி விரலால் தொடச் செய்வது, அச்சட்டத்தின் உணர்வையும் மீறுவதாகும்.

'பெயரைக் கூறவில்லை, முகத்தையும் மறைத்துவிட்டோம்' என்பது வழக்கமாகக் கூறப்படும் விடை. இவ்விடையின் போதாமையைத் தமிழிலக்கண மரபு நன்கறியும். அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டுதல் ஆகாது என்பது தொல்காப்பிய விதி. நெடுநல்வாடையில் பாண்டியன் பெயர் யாண்டும் இல்லை. ஆயினும் வேலின் தலையில் வேம்பு சூட்டப்பட்டமை கூறப்பட்டதால், அவ்வடையாளப் பூவைக் கொண்டே நச்சினார்க்கினியர் அதனைப் புறமெனக் கொண்டார். ஒரேயோர் அடையாளம் அகத்தைப் புறமாக்கப் போதுமானதாயிற்று. இக்கொள்கையை ஏற்பதா என்பது இலக்கிய ஆய்வாளரிடையே இன்றும் வாதத்திற்குரியது. எனினும் லயத்தைப் பொறுத்தவரை நச்சினார்க்கினியர் கூற்றே செல்லும். முகம் மறைக்கப்பட்ட படத்தில் கதவின் நிறமோ, லயத்தின் எண்ணோ, குழந்தையின் சட்டையோ தெரிந்தால் போதும். அந்தத் தோட்டம் முழுவதும் ஆளை அறிந்துகொள்ளும். நகரத்தில் பெயரின்மை மறைவாகலாம். எல்லாரும் எல்லாரையும் அறிந்த மலைக் குடியிருப்பில் எல்லாமே வேம்பு.

சட்டம் இதனை உணர்ந்தே உள்ளது. 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு குழந்தையின் பெயரை மட்டுமன்றி முகவரி, பள்ளி, அடையாளம் காட்டக்கூடிய பிற விவரம் ஆகியவற்றையும் வெளியிடத் தடை விதிக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மின்னணு வடிவிலுள்ள தகவலையும் மறைகாப்பு உரிமைக்குள் அடக்குகிறது. சட்டம் அறிந்த இதனை அலுவலக வாட்ஸ்அப் குழு அறியவில்லை.

தொழில்நுட்பம் நேரில் செல்வதற்கு மாற்று என்போர் பெட்டிமுடியை மறந்துவிடுகின்றனர். அதே தேவிகுளம் வட்டத்தில் 2020 ஆகஸ்ட் 6 இரவு நிலச்சரிவில் லயங்கள் புதைந்து எழுபதுபேர் மாண்டனர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுக் கிடந்தமையால் மறுநாள் காலையிலேதான் வெளியுலகு அதனை அறிந்தது. மழைக்காலத்தில் அறுபடும் இணைப்பை உறவின் ஒரே பாலமாக்குவோர், தேவை மிகும் நாளிலேயே உறவைத் துண்டிக்கின்றனர்.

கருவியை விலக்கவேண்டும் என்பது இங்கு வாதமன்று. முதற்சந்திப்பிலேயே, நேரில், தமிழில், சில வினாக்கள் கேட்கப்பட வேண்டும்: இந்தக் கைப்பேசியை வேறு யாரெல்லாம் எடுப்பர்? எந்த நேரத்தில் அழைக்கலாம்? செய்தி அனுப்பலாமா, அழைக்க மட்டுமா? வேறொருவர் எடுத்தால் என்ன சொல்லவேண்டும்? இவற்றிற்கான விடை கோப்பின் முதற்பக்கத்தில் எழுதப்படும்வரை, அவ்வெண்ணை அழைக்கும் உரிமை பணியாளருக்கு இல்லை.